முகூர்த்தம் குறிப்பதற்கு முன்: ஜெர்மனியில் பதிவுத் திருமணமும் அதற்கான தாள்களும்

என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை என்பது எனக்கு 29 வயதில்தான் தெரிந்தது. பிறந்த தேதி இருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், ஆஸ்பத்திரி இருந்த தெரு எல்லாம் இருந்தன. 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. ஸ்டாண்டஸ்அம்டில், அதாவது இங்கே திருமணம் பதிவு செய்யும் அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பென்சில் முனையை அந்தக் கோட்டின் மேல் வைத்து, "இது நீங்கள்தான் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. ஊரில் அப்பா அதற்குள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். தேதியை இரண்டு தடவை மாற்றினோம்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே வளர்ந்தவர், ஜெர்மன் குடியுரிமை உள்ளவர். நான் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவள். எங்களுக்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்ட நண்பர்கள் சிலருக்குத் தாள் சேர்க்க உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: முதலில் நாள் குறிக்கிறார்கள், பிறகு தாள் தேடுகிறார்கள். இங்கே அது தலைகீழாக நடக்க வேண்டும்.

எது கல்யாணம், எது சடங்கு

தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குக் கல்யாணம் என்றால் தாலி கட்டுவது. தாலிகூட வேண்டாம், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தமே கொண்டுவந்தார்கள். சுயமரியாதைத் திருமணம் அப்படித்தான் சட்டப்படி செல்லுபடியானது. பதிவு என்பது நமக்கு அதற்கு அப்புறம் வரும் வேலை.

ஜெர்மனியில் அப்படி இல்லை. நாடு முழுவதும் 1876 முதல் அரசுப் பதிவாளர் முன்னால் நடப்பது மட்டும்தான் கல்யாணம். 2008 முடியும்வரை, பதிவுக்கு முன்னால் சர்ச்சிலோ கோயிலோ எங்கும் சமயச் சடங்கு நடத்தவே கூடாது என்று விதி இருந்தது. 2009 ஜனவரி முதல் அந்தத் தடை இல்லை. ஆனால் சடங்குக்குச் சட்ட மதிப்பு எதுவும் வந்துவிடவில்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் ஆயிரம் பேர் கூடித் தாலி கட்டினாலும், பதிவு இல்லையென்றால் அரசின் கணக்கில் நீங்கள் தனி ஆள்தான். விசா, மருத்துவக் காப்பீடு, வரி, நாளைக்கு வாரிசு உரிமை எதற்கும் அந்தத் தாலி உதவாது.

இதன் மறுபக்கம்தான் பலருக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் "முதலில் தாலியைக் கட்டிவிடலாம், பதிவை ஜெர்மனியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. இந்தியாவில் முறைப்படி சடங்கு நடந்தால், பதிவு செய்யாவிட்டாலும் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. அதற்குப் பிறகு இங்கே வந்து 'மணமாகாதவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பொய். பின்னாளில் கல்யாண போட்டோ ஒன்று வெளியே வந்தாலே போதும், சிக்கல்தான். ஊரில் கட்டுவதாக இருந்தால் ஊரிலேயே பதிவும் செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தினராக இருந்தாலும் பதிவு கட்டாயம்; 90 நாளுக்குள் செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே பதிவு செய்வதாக இருந்தால் முதலில் இங்கே பதிவு, அப்புறம் ஊரில் தாலி. இரண்டையும் கலக்காதீர்கள்.

இரண்டு பேருமே இந்தியர்கள், ஊருக்குப் போய்வர விடுமுறையும் இருக்கிறது என்றால், ஊரில் கட்டிப் பதிவு செய்துகொண்டு வருவதுதான் சுலபம் என்பது என் எண்ணம். கீழே எழுதுவது அப்படி முடியாதவர்களுக்காக.

முதல் டெர்மின்

உங்களில் ஒருவர் எந்த ஊரில் குடியிருப்பைப் பதிவு செய்திருக்கிறீர்களோ அந்த ஊர் ஸ்டாண்டஸ்அம்டில்தான் திருமணத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கல்யாணத்தை வேறு ஊரில் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் மட்டும் இங்கே. முதலில் ஆலோசனைக்கு என்று ஒரு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், வாங்குங்கள். இரண்டு பேரின் பாஸ்போர்ட்டையும் காட்டினால், உங்கள் இருவருக்குமான தாள் பட்டியல் ஒன்றை அச்சடித்துத் தருவார்கள். அந்தப் பட்டியல்தான் உங்களுக்கு வேதம். நண்பர் வேறு ஊரில் இரண்டு வருடம் முன்னால் வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். ஒரே மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே கேட்பது மாறும். பட்டியல் கொடுத்தவரின் பெயரையும் மின்னஞ்சலையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிவரை அவரிடமே பேசுவது நல்லது.

வழக்கமாகக் கேட்பவை: பாஸ்போர்ட், விசா அட்டை, திருமண நிலையைக் குறிப்பிடும் குடியிருப்புச் சான்று, பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவர் என்ற உறுதிமொழிப் பத்திரம், வருமானச் சான்று. குடியிருப்புச் சான்றைக் கடைசியாக வாங்குங்கள், பழசானால் ஏற்க மாட்டார்கள்.

'நீங்கள் இருவரும் உறவினரா' என்றும் ஒரு கேள்வி இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் தயங்காமல் அப்படியே சொல்லுங்கள். ஜெர்மன் சட்டம் தடுப்பது நேர் வம்சாவளியையும் உடன்பிறப்புகளையும் மட்டும்தான். நம் வழக்கத்தில் உள்ள முறைகளை இந்துத் திருமணச் சட்டமும் ஏற்கிறது. ஒருவேளை முகம் சுளித்தாலும் அதனால் விண்ணப்பம் நிற்காது.

மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ இன்னும் ஊரில் இருந்தால், அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை வாங்கி, இங்கே இருப்பவர் மட்டும் போய் விண்ணப்பம் கொடுக்கலாம். எல்லாத் தாளும் சரியாக இருக்கின்றன என்று ஸ்டாண்டஸ்அம்ட் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் ஊரில் திருமண விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். பொதுவாக ஏ1 எனும் தொடக்க நிலை ஜெர்மன் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். தாள் அலைச்சல் நடக்கும் மாதங்களிலேயே அந்தத் தேர்வை முடித்துவிடச் சொல்லுங்கள்.

பெயர்

நம்மவர்களுக்குப் பாதிப் பிரச்சினை பெயரில்தான். பிறப்புப் பதிவில் அப்பா பெயர் 'ரா. செல்வராஜ்'. பாஸ்போர்ட்டில் 'செல்வராஜ் ராமசாமி'. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஆர். செல்வராசு'. நமக்கு மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்தவுடனே தெரியும். ஜெர்மன் பதிவாளருக்கு மூன்று ஆள். இனிஷியல் என்பது என்ன, நமக்குக் குடும்பப் பெயர் ஏன் இல்லை, அப்பா பெயர் எப்படிப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதைப் படித்த பிறகு அந்த அம்மாவின் கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

அதனால் ஊரிலிருந்து தாள் வாங்கும்போதே ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பதிவில் உங்கள் பெயர் இல்லையென்றால், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே 'பெயர் சேர்ப்பு' செய்ய வேண்டும். குழந்தைக்கு 15 வயது ஆவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு கொடுத்திருக்கிறது. முடியாத நிலை என்றால் பள்ளிச் சான்றிதழ், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் இவற்றை ஏற்பார்களா என்று உங்கள் பதிவாளரிடமே கேளுங்கள். எனக்கு அப்படித்தான் முடிந்தது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருந்த பிறந்த தேதியும் அப்பா பெயரும்தான் அந்தக் கோட்டை நிரப்பின.

இலங்கையில் பிறந்தவர்கள் பழைய பிரதியைக் கொண்டு போகாமல், கச்சேரி என்று சொல்லும் அரசு அலுவலகத்திலோ பத்தரமுல்லைப் பதிவாளர் நாயகம் அலுவலகத்திலோ புதிய பிரதி எடுத்துக்கொண்டு வருவது நல்லது. என் மாமியார் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன பிரதி ஒன்றை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். அதன் மதிப்பு வேறு. பதிவாளர் கேட்பது புதுத் தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு என்ன பெயர் என்றும் கேட்பார்கள். இரண்டு பேரும் அவரவர் பெயரையே வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் எதுவும் இல்லை. 2025 மே 1 முதல் சட்டம் மாறியிருக்கிறது: இருவர் பெயரையும் இணைத்து இரட்டைப் பெயராக வைத்துக்கொள்ளலாம், இங்கே வசிப்பவர்களின் பெயருக்கு ஜெர்மன் சட்டமே பொருந்தும், விரும்பினால் சொந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆசையில் பெயரை மாற்றிவிட்டு, பிறகு பாஸ்போர்ட், விசா அட்டை, வங்கி, சம்பளச் சீட்டு என்று ஒவ்வொன்றாக மாற்ற அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் மாற்றவில்லை.

நம் நாடு தராத ஒரு தாள்

வெளிநாட்டவர் இங்கே கல்யாணம் செய்ய வேண்டுமென்றால், 'இவர் திருமணம் செய்துகொள்ள எங்கள் நாட்டுச் சட்டப்படி தடை இல்லை' என்று அவருடைய நாடு சான்று தர வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏஹெஃபேயிக்கைட்ஸ்சொய்க்னிஸ் என்பார்கள். அந்தப் பெயரை உச்சரிக்கப் பழகுவதற்குள் தெரிந்துவிடும், இந்தியாவும் இலங்கையும் அப்படியொரு சான்று தருவதில்லை என்று. பயப்பட வேண்டாம், இதற்கு வழி இருக்கிறது. மாநில உயர் நீதிமன்றத் தலைவர் உங்களுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு அளிக்கலாம். விண்ணப்பத்தை நீங்கள் நேரே அனுப்ப வேண்டியதில்லை. ஸ்டாண்டஸ்அம்டே உங்கள் கோப்போடு அனுப்பிவைக்கும். கட்டணம் வருமானத்தைப் பொறுத்து மாறும். வருமானச் சான்று கேட்பது அதற்காகத்தான். அந்த விலக்கு ஆறு மாதம் செல்லும். ஸ்டாண்டஸ்அம்டில் விண்ணப்பம் ஏற்கப்பட்டு 'சரி, செய்துகொள்ளலாம்' என்று சொன்ன நாளிலிருந்தும் ஆறு மாதம்தான். அதற்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும்.

அகதியாக அங்கீகாரம் பெற்றவர்களுக்கு இது தேவையில்லை. ஜெனீவா ஒப்பந்தப்படி அவர்களுடைய திருமண நிலைக்கு ஜெர்மன் சட்டமே பொருந்தும். அங்கீகாரம் உள்ளவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குப் போய்த் தாள் கேட்கக் கூடாது. அது அகதி நிலையையே கேள்விக்குள்ளாக்கிவிடும்.

தாளைச் சரிபார்க்க ஆள் வருவார்

டெல்லியில் அப்போஸ்டில், அதாவது தாள் உண்மையானது என்று வேறு நாட்டுக்குக் காட்டும் முத்திரை, வாங்கித் தருகிறோம் என்று பல ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தது உண்மை. ஆனால் இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்தது. அதனால் பிறப்புச் சான்றிதழின் மேல் அந்த முத்திரை இருந்தாலும் இங்கே அதை வைத்து நம்ப மாட்டார்கள். பதிவாளர் கேட்காமல் அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

நம்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி வேறு. சந்தேகம் இருந்தால் ஸ்டாண்டஸ்அம்ட் அந்தத் தாளைத் தூதரகத்துக்கு அனுப்பும். தமிழ்நாட்டுத் தாள் என்றால் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு. அவர்கள் நம்பிக்கையான வக்கீல் ஒருவரை நியமிப்பார்கள். அவர் நகராட்சிக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ போய்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார். தேவையென்றால் உங்கள் தெருவுக்கும் வருவார். இதற்குச் சில மாதங்கள் ஆகும். செலவு உங்களுடையது, சில நூறு யூரோ.

அந்த ஆள் வருவார் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் தோழி சொல்லி வைக்கவில்லை. பேன்ட் சட்டை போட்ட முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்து வீட்டில், "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, பெண்ணைத் தேடி வந்த எவனோ என்று நினைத்து, "ஆயிடுச்சே, ரெண்டு வருஷம் ஆச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனசில் சொன்ன பொய். அதை நேராக்கப் பெற்றோர், ஊராட்சித் தலைவர் எல்லோரிடமும் எழுதி வாங்க வேண்டியிருந்தது. மேலும் மூன்று மாதம் போனது. அதனால் அம்மா அப்பாவுக்கு மட்டும் சொன்னால் போதாது, பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சொல்லச் சொல்லுங்கள்: யார் வந்து கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று.

மொழிபெயர்ப்பை இங்கே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளுங்கள். ஊரில் செய்துவந்ததைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த சான்றிதழ் என்றால் ஆங்கிலம் தெரிந்தவர் போதும் என்று நினைக்காதீர்கள். வட்ட முத்திரைக்குள் தமிழில் இருப்பதையும் மொழிபெயர்க்க வேண்டும். பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லி, பாஸ்போர்ட் நகலைக் கூடவே கொடுங்கள்.

முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர்கள் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். வெளிநாட்டு விவாகரத்தைப் பொதுவாக இங்கே தனியாக அங்கீகரிக்க வேண்டும். இரண்டு பேரும் எந்த நாட்டுக் குடிமக்களோ அந்த நாட்டு நீதிமன்றமே தீர்ப்பு கொடுத்திருந்தால் அந்தத் தனி நடைமுறை தேவைப்படாது. முழுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலும், மேல்முறையீடு இல்லை என்பதற்கான ஆதாரமும் எடுத்து வையுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டுப் பலர் டென்மார்க்குக்குப் போய்விடுகிறார்கள். அங்கே குடும்பச் சட்ட முகமை ஒன்று விண்ணப்பத்தை இணையத்தில் வாங்கிப் பார்த்து அனுமதி தருகிறது. பிறகு ஏதாவதொரு ஊர் நகராட்சியில் கல்யாணம். இங்கே கேட்கும் அளவுக்கு அங்கே தாள் கேட்பதில்லை. அந்தச் சான்றிதழை ஜெர்மனி ஏற்கிறது. ஆனால் முன் திருமண முறிவுக்கான தாள் அங்கேயும் வேண்டும். மறைக்க ஏதும் இல்லாமல், தாள் வர மட்டும் தாமதமாகிறது என்பவர்களுக்கு இது நல்ல வழிதான்.

அந்த நாள்

எல்லாம் கூடி வந்த பிறகு நாள் குறியுங்கள். ஸ்டாண்டஸ்அம்டுகளில் வெள்ளிக்கிழமை காலை நேரத்துக்குத்தான் போட்டி. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்; பார்க்கிறவர்களாக இருந்தால் ஒன்பது மணி கேளுங்கள். சாட்சி கட்டாயமில்லை, விரும்பினால் இருவர் வரை கையெழுத்துப் போடலாம். ஒருவருக்கு ஜெர்மன் சரியாகப் புரியாது என்றால் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தே ஆக வேண்டும். மாமாவே சொல்லிவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள், நெருங்கிய உறவினரைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

அரை மணி நேரம்தான் உங்களுக்கு, அடுத்த ஜோடி வெளியே நிற்கும். பட்டுப் புடவை, வேட்டி, மாலை எல்லாம் போட்டுக்கொண்டு போகலாம், அவர்களுக்கும் பிடிக்கும். விளக்கேற்ற விட மாட்டார்கள். அட்சதை தூவலாமா என்று முன்னாலேயே கேளுங்கள். அரிசி காலில் வழுக்கும் என்று பல இடங்களில் தடை. எங்களுக்குப் பூ இதழ் மட்டும், அதுவும் வாசலில், கூட்டிப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். நாத்தனார் கையோடு துடைப்பம் கொண்டு வந்திருந்தார்.

திருமணச் சான்றிதழை மூன்று நான்கு பிரதி வாங்குங்கள், அதில் ஒன்று ஆங்கிலமும் சேர்ந்த பன்மொழிப் பிரதியாக இருக்கட்டும். ஊரில் வங்கிக்கும் பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்கவும் அதுதான் கைகொடுக்கும். அப்புறம் விசா அலுவலகத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வரி அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். வேலை இல்லாத துணைவரை அரசுக் காப்பீட்டில் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான வரி வகுப்பு இருவருக்கும் நான்கு என்று தானாக வரும். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் மூன்று, ஐந்து என்று மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இத்தனை நாள் சேர்த்த கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள், மொழிபெயர்ப்புகளோடு. குழந்தை பிறந்தால் பிறப்பைப் பதிவு செய்ய ஸ்டாண்டஸ்அம்டில் உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் மறுபடி கேட்பார்கள்.